புயலுக்கு முந்தைய மாலையில் நின்றுபோன நாவல்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்கள் தாத்தா தனுஷ்கோடி ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்தவர். அவர் வாழ்க்கையை வைத்து 1958இல் தொடங்கி, ஊரையே அழித்த 1964 புயலில் முடியும்படி ஒரு நாவல் எழுதுகிறீர்கள். 38,000 சொல் வந்திருக்கிறது. டிசம்பர் 22 மாலையில் கதை நின்றுவிட்டது, ஏழு மாதமாக ஒரு வரி நகரவில்லை. கூட்டுறவு வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள், தினமும் எழுது என்று எல்லாரும் சொல்கிறார்கள், முடியவில்லை. இந்த எழுத்துத் தடையை எப்படிக் கடப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் வந்து போகிறது: "புயலுக்கு அப்புறம் எழுத என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை." எனக்கு அதுதான் கேள்வியாகப் படுகிறது. நேரம், ஆராய்ச்சி, பேச்சுவழக்கு என்று நீங்கள் அடுக்கியிருக்கும் மற்றவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் அவை அதற்குப் பின்னால் வருபவை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிறு பதிப்பகங்களுக்கு நாவல் பிரதிகளைப் படித்து, எடிட் செய்து கொடுப்பவன். பல வருஷமாக இதுதான் தொழில். சொந்தமாக நாவல் எழுதியதில்லை. அதனால் ஒரு நாவல் மனசுக்குள் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுதிய பிரதி எந்த இடத்தில், எதனால் படுத்துக்கொள்கிறது என்பதில் மட்டும் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. உங்கள் பிரதியை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாதியில் நின்ற பிரதிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவில்தான் நிற்கும். ஆரம்பத்தில் எடுத்து வைக்க நினைவுகள் நிறைய இருக்கும். ஊர், தெரு, ஸ்டேஷன் பிளாட்பாரம், பாட்டி சொன்ன கதைகள் எல்லாம் வரிசையாக வந்து விழும். அந்தச் சரக்கு தீரும்போது, அதுவரை தள்ளிப்போட்டு வந்த ஒரு முடிவை எடுத்தாக வேண்டிய கட்டம் வரும். இது யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், அதை அவருக்குக் கொடுக்கப்போகிறோமா பறிக்கப்போகிறோமா? இதைத் தீர்மானிக்காமல் மேசையில் உட்கார்ந்தால் எத்தனை காபி குடித்தாலும் வரி வராது. தடை என்று பெயர் வைத்துவிட்டால் அது ஏதோ காய்ச்சல் மாதிரி ஆகிவிடுகிறது; தானாக இறங்கும் என்று காத்திருக்கத் தோன்றுகிறது.

சோர்வாலும் துக்கத்தாலும் உண்மையிலேயே எழுத முடியாமல் போகிறவர்கள் உண்டு. அது வேறு விஷயம், அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. உங்களுக்கு அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு பக்கக் கேள்வியை எழுத முடிந்தவருக்கு எழுத்து வற்றிவிடவில்லை. இந்தக் கதையில் மட்டும் ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது.

அது புயல்தான் என்று ஊகிக்கிறேன். தனுஷ்கோடி நாவல் என்றால் அட்டையில் இடிந்த சர்ச் படம் போடாமல் எந்தப் பதிப்பகமும் விடாது. புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே வாசகருக்கு ஊர் அழியப்போவது தெரியும். ஆகவே 'புயல் வருமா' என்ற பதற்றத்தை வைத்து உங்களால் ஒரு பக்கம்கூட ஓட்ட முடியாது. கடைசி அத்தியாயத்தில் அலை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும் என்றால், அதற்கு முன் நீங்கள் எழுதிய மனிதர்களின் கடனையும் கோபத்தையும் ஆசையையும் அலையே தீர்த்துவைத்துவிடும். ஆசிரியருக்கு வேலை மிச்சம், வாசகருக்கோ ஏமாற்றம். உங்கள் கை நின்றதற்கு இதுதான் காரணம் என்றால், அது சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது.

நீங்கள் எழுதும் காலத்திலேயே கிடக்கும் ஒரு தேதியைச் சொல்கிறேன். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் பரம்பரையாக வேலை பார்த்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவானது. அதற்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர்கள் வந்து இறங்கியிருக்க வேண்டிய தனுஷ்கோடி துறையே கடலோடு போய்விட்டது. போட் மெயில் ரயிலும் இலங்கைக் கப்பலும் பயணிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்த இடம் இல்லாமல் போனது. ஆனாலும் பின்வந்த ஆண்டுகளில் மக்கள் வந்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அதுவரை கொழும்புக்குப் போகிறவர்களின் பெட்டியைத் தூக்கிப் பிழைத்த ஒரு போர்ட்டர், புயலில் தப்பி, பிறகு ராமேஸ்வரத்தில் இந்தத் தகரப் பெட்டிகளைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஊர் போய்விட்டது. பெட்டிக்காரருக்கு ஊர் எது என்றே தெரியவில்லை. இப்படி வைத்தால் புயல் உங்கள் நாவலின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், கையிலிருக்கும் 38,000 சொல் முதல் பாதியாகிவிடும்.

இது நான் பின்னும் கதை. உங்கள் தாத்தா புயலுக்குப் பிறகு ரயில்வேயையே விட்டுவிட்டு மதுரையில் கடை போட்டிருக்கலாம். சொல்ல வந்தது, முடிவு எடுப்பது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம், அவ்வளவுதான். வேறு வழிகளும் இருக்கின்றன. புயலை முதல் அத்தியாயத்திலேயே நடத்திவிட்டுப் பின்னோக்கிப் போகலாம். அல்லது கடைசியிலேயே வைத்துக்கொண்டு, தாத்தா அன்றைக்கு ஊரில் இல்லாமல் பாம்பனில் மாட்டிக்கொண்டார் என்று எழுதலாம். அப்போது புயல் முழுக்கச் செய்தியாகவே அவருக்கு வந்து சேரும். எது சரி என்று வெளியாள் சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே, புயலுக்கு மறுநாள் காலையை எழுதிப்பாருங்கள். அந்த ராத்திரியைத் தாண்டிப் போய்விடுங்கள், அந்த இடத்தில் 'புயல்' என்று ஒரு சொல் மட்டும் போட்டுவையுங்கள். வரிசையாக எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தாண்டிப் போய் எழுதி மீண்ட பிரதிகளை நான் பலமுறை பார்த்திருப்பதால் இதை மட்டும் தயங்காமல் சொல்கிறேன்.

முழுக் கதையையும் முன்கூட்டியே அத்தியாயம் அத்தியாயமாகத் திட்டம் போட வேண்டுமா என்பதில் எனக்கு அந்த உறுதி கிடையாது. சிலருக்குத் திட்டம் இருந்தால்தான் கை ஓடுகிறது. சிலருக்குத் திட்டம் போட்டதுமே கதை முடிந்துவிட்ட திருப்தி வந்து எழுதும் ஆசை போய்விடுகிறது. உங்கள் சுபாவம் எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, ஆராய்ச்சி. புயலின் வேகம் முதல் ஸ்டேஷன் கேண்டீனின் பலகாரம் வரை சேர்த்துவைத்து நூறு பக்கம் குறிப்பு இருக்கிறது, இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறேன் என்கிறீர்கள். நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. வரலாற்று நாவல்களில் எடிட்டரின் பேனா அதிகம் ஓடும் இடம் இதுதான். பாடுபட்டுத் தேடிய தகவலைக் கீழே போட யாருக்கும் மனசு வராது. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: அந்த நேரத்தில், அந்த இடத்தில் நிற்கும் உங்கள் பாத்திரத்துக்கு இது தெரியுமா? 653ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் அன்று நள்ளிரவை ஒட்டிப் பாம்பனை விட்டுக் கிளம்பியது, ஊரை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை, கொஞ்ச நேரம் நின்று விசில் கொடுத்துவிட்டு ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார், அலை மொத்தமாகக் கொண்டுபோனது என்பது இன்று நமக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் இருந்த போர்ட்டருக்குத் தெரிந்தது, வண்டி இன்னும் வரவில்லை என்பது மட்டும். அவர் காதுக்கு விசில் கேட்டதா, காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லையா? அதை எந்த ஆவணமும் சொல்லாது. அந்த இடம் உங்களுடையது.

அந்த வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. நூறுக்குச் சற்று மேல் என்பார்கள், டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்பார்கள். இப்படிப் பதிவுகளே முரண்படும் இடத்தில் எண்ணைச் சொல்லாமல் விடுங்கள், அல்லது ஒரு பாத்திரத்தின் வாயில் வதந்தியாகப் போடுங்கள். மாற்றக் கூடாதவை சில உண்டு: புயலின் தேதி, ஒப்பந்தத்தின் தேதி, 1914இல் திறந்த பாம்பன் பாலம், அது புயலில் சேதமாகி 46 நாளில் சரிசெய்யப்பட்டது. இவற்றில் கைவைத்தால் ஒரு ராமநாதபுரத்து வாசகர் போதும், உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அதே சமயம், பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் எப்படிச் சரிசெய்தார் என்ற அருமையான கதை உங்கள் தாத்தாவின் கதையில் ஒரு வரிக்கு மேல் தேவைப்படாது. அந்த நாட்களில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்துக்கு வந்திருந்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் செய்தியை நுழைக்கவும் எந்த எழுத்தாளருக்கும் கை அரிக்கும். வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் வந்தால் அந்த அத்தியாயம் அவர்களுடையதாகிவிடும்.

ஆவணம் தேடித்தான் ஆக வேண்டும் என்றால் நாவல் ஒரு முறை முடிந்த பிறகு, சந்தேகப் பட்டியலோடு போங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள். எழுதி முடிக்கும் முன் போனால் திரும்பி வர மாட்டீர்கள். இதில் ஒரே விதிவிலக்கு வயதானவர்கள். புயலைப் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும், அவர்களிடம் உடனே போய்க் கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். புயலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், அதைப் பலரிடம் பலமுறை சொல்லிச் சொல்லி அவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். முந்தின நாள் என்ன சமைத்தார்கள், யாரோடு சண்டை, யாருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள்.

எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள் என்ற குறை. எடுத்துச்சொல்ல ஆள் இல்லாமலே இதை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள், பெரிய விஷயம். வட்டார வழக்கைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் காதில் விழுந்தபடியே எழுத்தில் கொண்டுவந்தால் நாலு பக்கத்தில் வாசகர் களைத்துவிடுவார். எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்காது, மெய்ப்புப் பார்ப்பவர் பாடு திண்டாட்டம். ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டியது முதலில் அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில். மீன்பிடிக்கிறவர் வாடையா கச்சானா என்று காற்றை வைத்துத்தான் நாளைச் சொல்வார். தோட்டத்திலிருந்து வந்தவர் பேச்சில் லயமும் (வரிசை வீடு) பிரட்டும் (காலையில் ஆள் கணக்கெடுப்பது) கொழுந்தும் கங்காணியும் (மேற்பார்வை பார்ப்பவர்) தானாக வரும், நாவலில் விளக்கம் வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்த ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கடல் என்றாலே எரிச்சல் என்று வைத்தால் அவர் எந்த வட்டாரத் தமிழும் பேசாமலே தனித்துத் தெரிவார். காற்றின் பெயர்கள் கரைக்குக் கரை கொஞ்சம் மாறும் என்பதால் அதை மட்டும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

நேரத்துக்கு வருகிறேன். தினமும் எழுத வேண்டும் என்பவர்கள் எப்போதும் காட்டும் ஆள் ஆந்தனி டிராலப். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவலாக எழுதித் தள்ளியவர். காலை ஐந்தரைக்கு மேசை, எதிரே கடிகாரம், கால் மணி நேரத்துக்கு 250 சொல். எல்லாம் அவரே தன் வரலாற்றில் எழுதியதுதான். அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் எழுப்பிவிட்டுக் காபி கொண்டுவர ஒரு வயதான வேலையாளை வைத்திருந்தார், அதற்கென்று ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். ஒழுங்கைப் பற்றி உபதேசம் செய்கிறவர்கள் இந்தக் காபிக்காரரைச் சொல்வதே இல்லை. உங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்குக் காபி போடுவது யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது.

தினமும் எழுதுவது எல்லாருக்கும் அவசியம் என்பதற்கு நான் பார்த்த அளவில் ஆதாரம் இல்லை. வாரத்துக்கு மூன்று முறை உட்கார முடிந்தால் போதும். ஒரு முறைக்கு 400 சொல் என்றால் வாரம் 1,200, ஒன்பது மாதத்தில் 45,000 தாண்டும். கையிலிருப்பதோடு சேர்த்தால் டெமி என்கிற வழக்கமான நாவல் அளவில் முந்நூற்றைம்பது பக்கப் புத்தகம், போதும் போதும். ஆனால் அந்த மூன்று தடவைகளும் எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போது எழுதுவது என்று வைத்தால் கிடைக்கவே கிடைக்காது. மேசையை விட்டு எழுந்திருக்கும் முன் அடுத்து வரப்போவது என்ன என்று இரண்டு வரி குறித்துவிட்டு எழுந்திருங்கள். நாலு நாள் இடைவெளி விடுகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும். பஸ்ஸிலும் அடுப்படியிலும் போனில் பேசிப் பதிவு செய்யலாம், கூகுளின் குரல் தட்டச்சு தமிழுக்குச் சுமாராக வேலை செய்கிறது. உரையாடலுக்கு நல்லது, விவரணைக்கு அவ்வளவு சரிவராது.

கோப்பைப் பற்றி ஒரு சிறு விஷயம். பாமினி எழுத்துருவில் அடித்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், அத்தியாயம் அத்தியாயமாக மாற்றி ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், மாற்றும்போது சில எழுத்துகள் சிதையும். பழைய எழுத்துருவில் தேடுதலும் ஒழுங்காக நடக்காது, 'மாரிமுத்து' பாதி நாவலில் 'மாரியப்பன்' ஆகியிருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். பிரதி ஒன்று மின்னஞ்சலில், ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும். பாதி எழுதியதை ஒருமுறை அச்செடுத்துக் காகிதத்தில் படியுங்கள், திரையில் தெரியாத அலுப்பு காகிதத்தில் பளிச்சென்று தெரியும்.

மாமா படித்தால் வருத்தப்படுவார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பக் கதைகள் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பெயரை மாற்றுங்கள், தொழிலையும் கொஞ்சம் நகர்த்துங்கள், தாத்தாவைப் போர்ட்டராக வைப்பதற்குப் பதில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக ஆக்கினாலே உங்களுக்கு ஒரு விடுதலை வரும். முதல் வரைவு முடியும்வரை வீட்டில் யாருக்கும் காட்டாதீர்கள். இறந்தவரைப் பற்றி எழுதுவதும் குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கில் இருந்தால் நம் அவதூறுச் சட்டத்துக்குள் வர வாய்ப்புண்டு. உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் எனக்குத் தோன்றவில்லை, ஆனால் சட்டம் என் துறை இல்லை. பயம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

பதிப்பகத்தைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இப்போது யாரையும் தேட வேண்டாம். பாதி நாவலைப் படித்து எந்தப் பதிப்பாளரும் பதில் சொல்லப்போவதில்லை. முடித்த பிறகும் மறுப்பு வரலாம், அதை வைத்து நாவலை எடைபோட முடியாது. ப. சிங்காரம் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தபடி எழுதியவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் புத்தகமாக வருவதற்கு முன் பல ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்தது. இன்றைய நிலை அதைவிடப் பரவாயில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்டில் நூறு பிரதிகூட அடிக்கலாம் என்பதால் புது எழுத்தாளரைப் போட்டுப்பார்க்கும் துணிச்சல் சிறு பதிப்பகங்களுக்கு வந்திருக்கிறது. மொத்தச் செலவையும் உங்களையே கேட்கிறவர்களிடம், எத்தனை பிரதி, விற்பனை யார் பொறுப்பு, உரிமை யாருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பேசுங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாகப் பணம் கேட்டால் உஷாராகிவிடுங்கள், இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான அரசு முகமை அதை இலவசமாகவே கொடுக்கிறது. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், எந்த ஜனவரி என்று கேளுங்கள். அக்டோபருக்குப் பிறகு வந்து சேரும் பிரதிகளை எங்களைப் போன்றவர்கள் ராத்திரியில் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் பார்க்கிறோம், உங்கள் நாவல் அந்தக் குவியலில் வந்து சேர வேண்டாம்.